திரைக்கு வராத ரைஃபிள்: ரெமிங்டன் மாடல் 8-இன் கதை

கௌபாய் படங்களை ஒன்றிரண்டாவது பார்த்தவர்களுக்கு அந்த ரைஃபிள் தெரியும். விசைக்குக் கீழே வளையமாக ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக்கூடு தெறித்து விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். 1939-இல் வெளியான ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஜான் வெய்ன் அந்த ரைஃபிளை ஒரே கையில் சுழற்றியபடி அறிமுகமாகும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அது வின்செஸ்டர் நிறுவனத்தின் 1892-ஆம் ஆண்டு மாடல். கதை நடப்பதோ அந்த மாடல் பிறப்பதற்கும் முன்பு. ஆனாலும் 1870-களின் கதை, 1880-களின் கதை என்று எதை எடுத்தாலும் ஹாலிவுட் 1892-ஐத்தான் நடிகர்களின் கையில் கொடுத்தது.

அந்த ரைஃபிளை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் 1855-இல் பிறந்தவர். துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். 1900-இல் இவர் இன்னொரு வேட்டை ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்றார். லீவரை இழுக்க வேண்டாம், குழலின் பின்வாயை மூடும் உலோகத் தண்டான போல்ட்டைத் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் விசையை மட்டும் அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். ரெமிங்டன் நிறுவனம் அதை 1906-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1911-இல் அதற்கு மாடல் 8 என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் குற்ற வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட ஒரு காலைப் பொழுதில் முதலில் வெடித்தது இந்த ரைஃபிள்தான். அப்படியிருந்தும் திரையில் இதைத் தேடினால் மிக அரிதாகவே கிடைக்கிறது.

ஒரே மனிதரின் இரண்டு படைப்புகளில் ஒன்று நட்சத்திரமாகி, மற்றொன்று காணாமல் போனது ஏன்? ரசனையைவிட இதில் இயந்திரவியலுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள முதலில் ரைஃபிளுக்குள் நுழைய வேண்டும்.

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி என்ற எண்ணம் 1906-இல் புதியதல்ல. ஆஸ்திரியாவின் மான்லிகர் 1880-களிலேயே சோதனை செய்து பார்த்தார். மெக்சிகோவின் மனுவல் மொந்திராகோனும் அதற்கு முன்பே ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்; அதை அந்நாட்டு ராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்டது. வேட்டைக்காரர்களுக்கான சந்தையில் வின்செஸ்டர் 1903-இல் சிறிய .22 ரைஃபிளையும், 1905-இல் சற்றுப் பெரியதையும் இறக்கிவிட்டிருந்தது. ஆனால் வின்செஸ்டரின் ரைஃபிள்களில் போல்ட் பூட்டப்படுவதில்லை. போல்ட்டோடு இணைந்த கனமான எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பின் விசையைத் தாங்கி நிற்கும். தோட்டாவின் வலு கூடக்கூட அந்த எடையையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முன்கைப்பிடிக் கட்டைக்குள் உலோகத்தைத் திணித்து அவர்கள் சமாளித்தார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பிரௌனிங் வேறு வழியில் போனார். அவருடைய ரைஃபிளில் போல்ட் சுழன்று குழலோடு பூட்டிக்கொள்ளும். சுடும்போது குழலும் போல்ட்டும் பூட்டிய நிலையிலேயே, தோட்டாவின் நீளத்துக்கும் அதிகமான தூரம் ஒன்றாகப் பின்னோக்கி ஓடும். அங்கே போல்ட் நிறுத்தப்படும். குழல் மட்டும் தன் ஸ்பிரிங்கின் விசையால் முன்னே திரும்பும். அந்த இடைவெளியில் வெற்றுக்கூடு வெளியே வீசப்படும். குழல் தன் இடத்தை அடைந்த பிறகே போல்ட்டுக்கு விடுதலை. அது முன்னே பாய்ந்து புதுத் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். இவை அனைத்தும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும். குழல் முன்னும் பின்னும் ஓடுவதால் அதை வெறுமனே விட முடியாது. எனவே முழுக் குழலையும் அதன் ஸ்பிரிங்கையும் ஓர் உலோக உறைக்குள் வைத்தார் பிரௌனிங். குறிபார்க்கும் முள்ளும் உறையின் மேலேயே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தடித்த குழல் கொண்ட, சற்று முரட்டுத்தனமான ரைஃபிளாகத் தெரிவதற்கு அந்த உறைதான் காரணம்.

கிட்டத்தட்ட 3.6 கிலோ எடை. உடலோடு பொருந்திய பெட்டியில் 5 தோட்டாக்கள். பயணத்துக்காக இரண்டு துண்டுகளாகக் கழற்றிக்கொள்ளும் வசதி. இதற்கென்றே ரெமிங்டன் .25, .30, .32, .35 என்று நான்கு அளவுத் தோட்டாக்களைக் கொண்டுவந்தது. அவற்றில் .35 மட்டும் இன்றுவரை உயிரோடிருக்கிறது. 13 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 600 மீட்டருக்கும் மேலான வேகத்தில் அனுப்பும் அந்தத் தோட்டா, அடர்ந்த காட்டில் அருகிலிருந்து மானையோ கருங்கரடியையோ வீழ்த்தப் போதுமானது.

இந்த ரைஃபிள் ரெமிங்டனிடம் வந்து சேர்ந்த கதையே ஒரு படத்துக்குப் போதும். பல ஆண்டுகளாக பிரௌனிங்கின் வடிவமைப்புகளை ஒட்டுமொத்தத் தொகைக்கு வாங்கிக்கொண்டிருந்தது வின்செஸ்டர். தானியங்கி ஷாட்கன்னை அவர் உருவாக்கியபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. அவர் ரெமிங்டனின் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்கப் போனார். 1902 ஜனவரியில், அலுவலகத்தில் பிரௌனிங் காத்திருந்த அதே நாளில், ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் கப்பல் ஏறி பெல்ஜியத்துக்குப் போய் எஃப்.என். என்ற ஆயுத நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அமெரிக்க உரிமை பின்னர்தான் ரெமிங்டனுக்குக் கிடைத்தது. ஷாட்கன் 1905-இலும் ரைஃபிள் 1906-இலும் வெளிவந்தன. அவருடைய காப்புரிமைகளை மீறாமல் போட்டித் துப்பாக்கி செய்ய வின்செஸ்டரின் வடிவமைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் திண்டாடினார்கள்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. காட்டெருமைகள் ஏறக்குறைய அழிந்து, புறாக் கூட்டங்கள் மறைந்துகொண்டிருந்த காலம் அது. தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கி வேட்டைக்காரனின் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் என்று இயற்கைப் பாதுகாப்பாளர்கள் வாதாடினார்கள். பென்சில்வேனியா மாநிலம் 1907-இலேயே வேட்டையில் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. சிறு விலங்குகளுக்கு மட்டும் அத்தடை தளர்ந்தது 2017-இல்தான். மான் வேட்டைக்கு அதற்குப் பிறகும் நீடித்தது. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அடுத்த குண்டு தயாராக இருக்கிறது என்ற நினைப்பே முதல் குறியை அவசரப்படுத்திவிடும். பென்சில்வேனியத் தொழிலாளர்களைப் பற்றிய ‘தி டீர் ஹன்டர்’ (1978) படத்தின் நாயகன், மானை ஒரே குண்டில் வீழ்த்த வேண்டும் என்பதைத் தன் அறமாகவே வைத்திருப்பான். அவன் கையில் இருப்பது கையால் இயக்கும் போல்ட் ரைஃபிள். அந்த மாநிலத்து வேட்டை மரபை அறிந்தவர்களுக்கு அது வேறொரு ஆழத்தோடு புரியும்.

வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட இந்த ரைஃபிளைச் சட்டத்தின் இருபுறமும் இருந்தவர்கள் விரைவிலேயே தேடி வந்தார்கள். காரணம் மோட்டார் கார். 1920-களின் கடைசியில் கொள்ளைக்காரர்கள் கார்களில் பறந்தார்கள். கைத்துப்பாக்கிக் குண்டுகள் காரின் தகட்டில் பட்டு வேகமிழந்தன. தாம்சன் மெஷின்கன்னும் சுடுவது கைத்துப்பாக்கிக் குண்டுதான். ஓசையும் அடுத்தடுத்துச் சுடும் வேகமும் அதிகம், ஊடுருவும் திறன் குறைவு. தகட்டைத் துளைக்க ரைஃபிள் தோட்டா தேவைப்பட்டது; அதையும் அடுத்தடுத்து விரைவாகச் சுட வேண்டியிருந்தது. கடையில் போய் வாங்கக்கூடிய விடை மாடல் 8-ஆக இருந்தது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் போலீஸ் உபகரணங்கள் விற்ற ஒரு நிறுவனம், 5 தோட்டாப் பெட்டியை எடுத்துவிட்டு நீண்ட பெட்டி பொருத்தித் தரும் வேலையைச் செய்தது.

டெக்சஸ் ரேஞ்சர் படையில் பெயர் பெற்ற ஃப்ராங்க் ஹேமர் அப்படி மாற்றிய ரைஃபிளை வைத்திருந்தார். ஆஸ்டின் நகரில் பெட்மெக்கி என்ற விளையாட்டுப் பொருள் கடை வழியாக வந்த .35 ரைஃபிள் அது. 1934 ஜனவரியில் டெக்சஸின் ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணையிலிருந்து கைதிகளைத் தப்புவித்தது பானி பார்க்கர், கிளைட் பேரோ என்ற கொள்ளைக்கார ஜோடியின் கும்பல். சிறைத்துறைத் தலைவர் லீ சிம்மன்ஸ், படையிலிருந்து விலகியிருந்த ஹேமரை அழைத்து அவர்களைப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். ஹேமர் அவர்களின் பாதையைக் கவனித்தார். அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள், யாரைப் பார்க்க வருகிறார்கள் என்று கணித்தார்.

1934 மே 23, காலை ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். லூசியானாவின் பியன்வில் பாரிஷில், கிப்ஸ்லாந்து ஊருக்குத் தெற்கே, சாலையோரப் புதரில் ஆறு காவலர்கள் பதுங்கியிருந்தார்கள். டெக்சஸிலிருந்து ஹேமர், மேனி கால்ட், பாப் அல்கார்ன், டெட் ஹின்டன். உள்ளூரிலிருந்து ஷெரீப் ஹென்டர்சன் ஜோர்டன், அவருடைய உதவியாளர் பிரென்டிஸ் ஓக்லி. பானியும் கிளைடும் வந்த ஃபோர்டு வி8 கார் வேகம் குறைந்ததும் முதலில் சுட்டவர் ஓக்லி. ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் இரவல் வாங்கி வந்திருந்த மாடல் 8 ரைஃபிள்தான் அவர் கையில் இருந்தது. ஆறு பேரும் சேர்ந்து 130 குண்டுகள் அளவில் சுட்டார்கள். யார் கையில் எது இருந்தது என்பதில் பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால் ஓக்லியின் ரைஃபிளையும் ஹேமரின் ரைஃபிளையும் கணக்கில் எடுத்தால், அந்தப் புதரில் ஒன்றுக்கு மேற்பட்ட மாடல் 8 இருந்தது. ஒரு மான் வேட்டை ரைஃபிளுக்கு இதைவிடக் கொடூரமான அறிமுகம் இருக்க முடியாது.

சினிமா அந்த இடத்துக்கு உடனே வந்துவிட்டது. டெட் ஹின்டன் ஒரு 16 மி.மீ. கேமரா வைத்திருந்தார். துளைக்கப்பட்ட காரையும் சுற்றி நிற்கும் மனிதர்களையும் சில நிமிடங்களுக்குள் படமெடுத்தார். நடுங்கும் அந்தத் துண்டுப்படம் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கதைப்படங்கள் எதுவும் அதன் அருகில் நிற்க முடியாது என்பேன்.

33 ஆண்டுகளுக்குப் பிறகு, 1967-இல், ஆர்தர் பென் இயக்கிய ‘பானி அண்ட் கிளைட்’ வெளியானது. கடைசிக் காட்சியைப் பல கேமராக்களை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டுப் படமாக்கினார்கள். இடைவிடாது அதிரும் மெஷின்கன் ஓசை, மெதுவாகத் துள்ளும் உடல்கள். படத்தொகுப்புப் பாடங்களில் இன்றும் அந்தக் காட்சியைக் காட்டுகிறார்கள். கலையாக அது உச்சம். வரலாறாக அதைக் கொள்ள முடியாது. தனித்தனியாக விசை அழுத்தி, குறிபார்த்துச் சுட்ட வேட்டை ரைஃபிள்களின் வெடிப்புக்கு அந்த அலையான ஓசையில் இடமே இல்லை. ஹேமருக்கும் அநியாயம் நடந்தது. கொள்ளைக் கும்பலிடம் அவர் பிடிபட்டு அவமானப்பட்டதாகவும், பிறகு பழிதீர்த்துக்கொண்டதாகவும் படம் சொன்னது. அந்தக் காலைக்கு முன்பு அவர் அவர்களை நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை. அவருடைய மனைவியும் மகனும் வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. மனிதரின் கதை மாறியபோது அவருடைய ரைஃபிளும் கதையிலிருந்து மறைந்தது. பொறுமையாகத் தடம் பார்த்துக் காத்திருந்த ஒருவரைப் பழிவாங்கும் வெறியனாகக் காட்ட வேண்டுமென்றால், அவர் கையில் வேட்டைக்காரனின் கருவி பொருந்தாது.

ஆனாலும் குற்றம் முழுவதையும் இயக்குநர்கள் மேல் போட முடியாது. இங்கேதான் இயந்திரவியல் வருகிறது.

படப்பிடிப்பில் சுடுவது வெற்றுத் தோட்டா. வெடிமருந்து உண்டு, குண்டு கிடையாது. லீவர் ரைஃபிளுக்கு இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. அடுத்த தோட்டாவை ஏற்றுவது நடிகரின் கை. கௌபாய் படங்களுக்காகவே, பல அளவுத் துப்பாக்கிகளில் பொருந்தும் ஒரே வகை வெற்றுத் தோட்டாவையும் ஹாலிவுட்டில் புழக்கத்தில் வைத்திருந்தார்கள். ரிவால்வரிலும் அதே தோட்டா, வின்செஸ்டர் 1892-இலும் அதே தோட்டா. பாராமவுன்ட் ஸ்டூடியோவை ஒட்டி வளர்ந்த ஸ்டெம்பிரிட்ஜ் போன்ற துப்பாக்கி வாடகைக் கிடங்குகளில் 1892-கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. இயக்குநர் கேட்ட மாலையே கிடைக்கும் துப்பாக்கி எதுவோ அதுதான் வரலாறாகப் படமாகும்.

தானாக ஏற்றும் துப்பாக்கிகள் குண்டின் எதிர்விசையையோ, குண்டுக்குப் பின்னால் கூடும் வாயு அழுத்தத்தையோ நம்பி இயங்குபவை. குண்டு இல்லாவிட்டால் அந்த விசை கிடைக்காது. இதற்கு ஆயுதப் பொறுப்பாளர்கள் செய்யும் தந்திரம், குழலின் வாயைச் சிறு துளையாகச் சுருக்கிவிடுவது. உள்ளே அழுத்தம் கூடும். வாயுவால் இயங்கும் துப்பாக்கியில் அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். வின்செஸ்டர் 1907 போன்ற பூட்டில்லாத ரைஃபிளில் போல்ட்டை நேராகத் தள்ளும். மாடல் 8-இல் இந்தத் தந்திரம் பலிக்காது. அதில் குழலும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கின்றன. அடைத்த வாயை வாயு முன்னே தள்ளும், போல்ட்டைப் பின்னே தள்ளும். இரண்டும் ஒரே பூட்டுக்குள் நடப்பதால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வாய்ச்சுருக்கியை நகராத வெளியுறையில் பொருத்தி, குழலைப் பின்னே உதைக்கும்படி செய்ய வேண்டும். அப்போதும் அவ்வளவு நீண்ட ஓட்டத்துக்கு விசை போதுமா என்பது சந்தேகம்தான். ஒரு காட்சிக்காக அத்தனை வேலையை யார் செய்வார்கள்?

பிரௌனிங்கின் இன்னொரு படைப்புக்கும் இதே கதி நேர்ந்தது என்பதைப் பார்த்தால் இது தற்செயல் அல்ல என்று புரியும். அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கி அவருடையது. வெற்றுத் தோட்டாவோடு அது ஒழுங்காக இயங்க மறுத்ததால், சாம் பெக்கின்பாவின் ‘தி வைல்ட் பன்ச்’ (1969) உட்பட அந்தக் காலப் படங்களில் ஸ்பெயினில் செய்த ஸ்டார் மாடல் பி என்ற 9 மி.மீ. துப்பாக்கி அதன் வேடத்தில் நடித்தது. உருவம் ஒன்றுபோல இருந்ததால் பார்வையாளர்கள் கண்டுகொள்ளவில்லை. உறை போர்த்திய தடித்த குழல் கொண்ட மாடல் 8-க்கு அப்படி ஒரு மாற்று நடிகர் கிடைக்கவில்லை. எனவே அதன் பாத்திரத்தையே நீக்கிவிட்டார்கள்.

அதன் ஓர் உறுப்பு மட்டும் ஆயிரக்கணக்கான படங்களில் தலைகாட்டிவிட்டது. மாடல் 8-இன் வலப்பக்கத்தில் நீளமான பாதுகாப்பு லீவர் ஒன்று உண்டு. மேலே தூக்கினால் சுட முடியாது. கூடவே போல்ட் ஓடும் பிளவை மூடித் தூசி நுழையாமல் காக்கும். கீழே தள்ளினால் சுடத் தயார். ஏ.கே. 47-இன் வலப்பக்கத்தைப் பாருங்கள். அதே லீவர், அதே வேலை. பிரௌனிங்கின் ரைஃபிளிலிருந்தே ஏ.கே. 47-ஐ வடிவமைத்த கலாஷ்னிகோவ் இதை எடுத்திருக்க வேண்டும் என்று ஆயுத வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். இரண்டையும் அருகருகே பார்த்தால் மறுப்பது கடினம்.

ரெமிங்டன் 1936-இல் சிறு மாற்றங்களோடு இதை மாடல் 81 ஆக்கியது. 1950-இல் உற்பத்தி நின்றது. செய்யச் செலவு அதிகம். நுணுக்கமாகக் கடைய வேண்டிய பாகங்கள் நிறைய. இரண்டு மாடல்களும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருந்தன.

ஹேமருக்கு ஈடு செய்யும் படம் 2019-இல் வந்தது. ஜான் லீ ஹான்காக் இயக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘தி ஹைவேமென்’. கெவின் காஸ்ட்னர் ஹேமராகவும், வுடி ஹாரல்சன் கால்ட்டாகவும் நடித்தார்கள். கொள்ளை ஜோடியை நாயகர்களாக்காமல், வயதேறிய இரண்டு காவலர்களின் கண் வழியாகக் கதை நகர்கிறது. பதுங்கித் தாக்கிய காட்சியை உண்மையில் அது நடந்த சாலையிலேயே படமாக்கினார்கள். அத்தனை ஆண்டுகள் விட்டுப்போயிருந்த மாடல் 8-க்கும் அதில் இடம் கிடைத்தது. கருவிகளை இவ்வளவு அக்கறையோடு தேர்ந்தெடுத்த படம் அந்தச் சம்பவத்தைப் பற்றி அதற்கு முன் வந்ததில்லை. ஹேமரின் குணம் அந்தத் தேர்விலேயே வெளிப்படுகிறது. நீண்ட காத்திருப்பு, தடம் பார்த்தல், பேசாமல் கவனித்தல் என்று அவர் செய்வதெல்லாம் வேட்டைக்காரனின் வேலை.

இளைய தலைமுறை இந்த ரைஃபிளை அறிந்தது திரைப்படத்தால் அல்ல. 2016-இல் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 1’ வீடியோ விளையாட்டில் ‘ஆட்டோலோடிங் 8’ என்ற பெயரில், முதல் உலகப்போர் வீரனின் ஆயுதமாக இது இடம்பெற்றது. அந்தப் போரில் இதற்குப் பெரிய பங்கு கிடையாது. வின்செஸ்டர் 1907-ஐத்தான் பிரான்ஸ் ஆயிரக்கணக்கில் வாங்கியது. விளையாட்டில் வெற்றுத் தோட்டா தேவையில்லை, வாடகைக் கிடங்கு தேவையில்லை. வரைந்தால் போதும், குழல் பின்னே ஓடும். அதனால்தான் ஹாலிவுட் அரை நூற்றாண்டுக்கு மேல் தவிர்த்துவந்த ஒரு இயக்கத்தை அவர்களால் தடையின்றிக் காட்ட முடிந்தது.

திரைப்படங்களும் இப்போது அந்தப் பக்கம் நகர்கின்றன. படப்பிடிப்புத் தளத்தில் உண்மையான வெடிப்பைக் குறைத்து, வாய்த்தீயையும் தெறிக்கும் கூட்டையும் கணினியில் சேர்க்கும் வழக்கம் பரவிவருகிறது. எது வெற்றுத் தோட்டாவில் இயங்கும் என்ற கேள்வி விலகிவிட்டால், எந்த ஆண்டில் எந்த ஊரில் யார் கையில் எது இருந்தது என்று மட்டும் பார்த்து ஒரு இயக்குநர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கலாம். மாடல் 8 இடம்பெற வேண்டிய கதைகள் நிறைய இருக்கின்றன: மெயின் மாநிலக் காடுகளின் கரடி வேட்டை, டெக்சஸ் எல்லையில் 1910-களில் நடந்த சண்டைகள், வங்கிக் கொள்ளைக்குப் பின் ஊர்க் கடையில் வாங்கிய ரைஃபிளோடு துரத்திய சிறு நகரக் காவலர்கள். அவர்களில் ஒருவருடைய கதையையாவது, குழல் உறைக்குள் ஓடித் திரும்பும் அந்த இரட்டை அதிர்வோடு திரையில் பார்க்க ஆசைப்படுகிறேன்.